கிழமைக்கு ஒரு பக்கம்: தூரத்து வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து எழுதுவது

செவ்வாயும் புதனும் கொழும்பில் தேயிலை ஏலம். ஏலம் முடிந்த கையோடு தரகு நிறுவனங்கள் அந்தக் கிழமைக்கான அறிக்கையை எழுதி அனுப்பிவிடும். போர்ப்ஸ் அன்ட் வோக்கர், ஜோன் கீல்ஸ் போன்ற நிறுவனங்களின் அறிக்கைகளை ஒருமுறை வாசித்தவருக்கு அவற்றின் நடை மறக்காது. அலங்காரம் கிடையாது. மேற்குச் சரிவில் மழையா, வெயிலா? எந்த நாட்டு வாங்குநர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள்? தேயிலைத் தரங்களில் பி.ஓ.பி. எவ்வளவு ஏறியது, பி.ஓ.பி.எப். எவ்வளவு இறங்கியது? வெஸ்டன், நுவரெலியா, உடபுசல்லாவை, ஊவா என்று மலையகமே கூறு கூறாகப் பிரிந்து கிடக்கும். சரக்கு மட்டமாக வந்த கிழமையில் மட்டம் என்றே எழுதியிருக்கும்.

கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30ஆம் திகதி. கொரோனா முடக்கத்தால் 2020 ஏப்ரல் 4ஆம் திகதி ஏல மண்டபமே கணினிக்குள் போய்விட்டது. சுத்தியல் ஓய்ந்தது, அறிக்கை எழுதுகிற வழக்கம் ஓயவில்லை. பொகவந்தலாவையையோ தலவாக்கலையையோ கண்ணால் பார்த்திராத ஒருவர், எங்கோ ஒரு துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு, இந்த மலையின் கொழுந்துக்கு விலை சொல்கிறார். அந்தத் துணிச்சலை அவருக்குக் கொடுப்பதில் சுவை பார்க்கக் கையில் கிடைக்கும் மாதிரிக்கு ஒரு பங்கு; தவறாமல் வந்து சேரும் எழுத்துக்கு இன்னொரு பங்கு.

மலையகத்தில் சிறுதொழில் தொடங்கும் எவருக்கும் இதே சிக்கல்தான். வாங்குகிறவர் தூரத்தில் இருக்கிறார். ஹற்றனில் வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டி விடுதி நடத்துபவர், கொட்டகலையில் தேயிலைத் தூளைச் சிறு பொதிகளாக்கி விற்பவர், நானுஓயாவில் ஸ்ட்ரோபெரி ஜாம் போடுபவர், இராகலையில் பூச்செடி வளர்ப்பவர்: இவர்களில் யாருக்கும் பக்கத்து லயத்து ஆட்கள் மட்டும் வாடிக்கையாளராகப் போதாது. கொழும்பு, வெள்ளவத்தை, சென்னை, டொரொன்டோ என்று எங்கோ இருப்பவர் நம்பிப் பணம் அனுப்ப வேண்டும். பெரிய நிறுவனம் அந்த நம்பிக்கையை விளம்பரத்தால் வாங்கும். சின்ன ஆளிடம் இருப்பது கிழமைக்கு இரண்டு மணி நேரமும் ஒரு கைத்தொலைபேசியும்தான். அதைக் கொண்டு எழுதத்தான் முடியும்.

எழுத்தை வைத்துத் தொழில் வளர்த்த கதை இந்த மலைக்குப் பழையது. 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் சரிந்தன. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். 1873இல் லண்டனுக்குப் போன சரக்கு வெறும் 23 இறாத்தல். மற்றத் துரைமாருக்குத் தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த உயரத்தில் நடுவது, எப்போது கவ்வாத்து வெட்டுவது, கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்டுவது என்று எல்லாமே கேள்விதான். 1881இல் கொழும்பில் பெர்குசன் குடும்பம் ‘ட்ரொபிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்’ என்ற மாத இதழைத் தொடங்கியது. தோட்டத்தில் இருந்து கடிதம் வரும், அடுத்த மாதம் வேறொரு தோட்டத்தில் இருந்து பதில் வரும். ஒருவர் செய்து பார்த்ததை இன்னொருவர் மறுப்பார். அந்த வாதங்களோடு சேர்ந்து இதழும் வளர்ந்தது. அதை அச்சிட்டவர்களின் அச்சகமும் அவர்கள் வெளியிட்ட விபரக்கொத்தும் வளர்ந்தன. வாசகரின் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எழுத விஷயம் தீராது என்பதை இந்த இதழைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தப் பக்கங்களில் கொழுந்து பறித்தவர்களின் குரல் இல்லை. கூலிக்கணக்கில் வரும் எண்களாகத்தான் அவர்கள் வந்து போனார்கள். அந்தக் குரலை அச்சுக்குக் கொண்டுவந்தவர் கோ. நடேசய்யர். அவருடைய தொடக்கமே வியாபார எழுத்துதான். தஞ்சாவூரில் ‘வர்த்தகமித்திரன்’ என்று வணிகர்களுக்கான இதழ் நடத்தியவர், இலங்கைக்கு வந்து 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகை ஆசிரியரானார். தோட்டத்துக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய்ச் செய்தி சேர்த்தார். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் தொடங்கியபோது வேறொரு பிரச்சினை எதிரே நின்றது. யாருக்காக எழுதுகிறாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மை அதே செய்திகளைப் பாட்டாக்கினார். சிறு பிரசுரமாக அச்சிட்டு, கூட்டங்களில் பாடி, கையில் கொடுத்தார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்துக்குக் கொண்டுபோனால் மற்றவர்களுக்குக் காதால் போய்ச் சேரும்.

வாடிக்கையாளர் எந்த வழியில் விஷயத்தை வாங்கிக்கொள்கிறார் என்று பார்த்து எழுத்தின் வடிவத்தை மாற்றுவது இன்றைக்கும் பொருந்தும். கொழும்பில் அலுவலகம் போகிறவர் வாசிப்பார். அவருடைய தாயார் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தால்தான் கேட்பார். ஒரே பக்கத்தை எழுதி, அதையே மூன்று நிமிடம் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவதற்கு மேலதிகமாக ஒன்றும் செலவாகாது.

என்ன எழுதுவது? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் கிழமை ‘எங்கள் நிறுவனம் பற்றி’ எழுதுவார்கள். இரண்டாம் கிழமை பொங்கல் வாழ்த்து. மூன்றாம் கிழமைக்கு ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல் குளம் கட்டிக்கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம், ரிவர் பூல்ஸ், 2008 பொருளாதாரச் சரிவில் மூடுகிற நிலைக்கு வந்தது. பங்காளிகளில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன் 2009இல் செய்தது எளிமையான காரியம்: வாடிக்கையாளர்கள் வாயால் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டுரை எழுதி நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டார். ‘குளம் கட்ட எவ்வளவு செலவாகும்?’ என்ற கேள்விக்குப் போட்டி நிறுவனங்கள் பதில் எழுதப் பயந்தன. அவர் எழுதினார். விலை எதனால் கூடும், எதனால் குறையும், தங்களிடம் வாங்கினால் என்ன குறை என்பது வரை எழுதினார். அந்த ஒரு கட்டுரை வழியாக மட்டும் பத்து இலட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் வந்ததாக அவர் பின்னர் கணக்குச் சொன்னார். 2017இல் இந்த முறையைப் புத்தகமாகவும் எழுதினார்.

இதை நோர்வூட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். பெக்கோ ட்ரெயில் என்று இப்போது பிரபலமாகியிருக்கும் நடைபாதை, கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நுவரெலியாவில் முடிகிறது. பழைய தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கியது. கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று ஹற்றன் வட்டாரத்துக்குள்ளேயே பல மைல். தூரம், ஏற்றம், தொடக்கப் புள்ளி எல்லாம் எங்கும் கிடைக்கும். ஆனால் நடக்க வருகிறவர் விடுதிக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவை வேறு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அட்டை கடிக்குமா? குளிக்க வெந்நீர் உண்டா? மரக்கறிச் சாப்பாடு மட்டும் தருவீர்களா? இரவில் ஒரு போர்வை போதுமா? பெண்கள் இரண்டு பேர் தனியாக வரலாமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தவர் அந்த மலையில் இருப்பவர் மட்டும்தான். அட்டையைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம் எழுதலாம்: எந்த மாதங்களில் அதிகம், எந்தப் பாதையில் புல் உயரம், காலில் சவர்க்காரம் தடவுவது எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும். அப்படி எழுதியவரிடம்தான் அறை கேட்டு வருவார்கள். கடைச் சுவரில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, வருகிற கேள்வியை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே குறித்துவைத்தால் போதும். ஒரு மாதத்தில் அரை ஆண்டுக்கு எழுத விஷயம் சேர்ந்துவிடும்.

விலையை எழுதலாமா என்ற தயக்கம் நம்மூரில் அதிகம். ‘விபரங்களுக்கு அழைக்கவும்’ என்று போட்டால் விலை கூடுதல் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அறை வாடகை, காலைச் சாப்பாடு சேர்த்தா இல்லையா, ஏப்ரலில் எவ்வளவு கூடும், ஏன் கூடும் என்று வெளிப்படையாக எழுதுவது நல்லது. பேரம் பேசுகிறவர் எப்படியும் பேசத்தான் போகிறார்.

அடுத்தது நடை. தேயிலைத் தூள் விற்கும் ஒருவர் வழக்கமாக இப்படி எழுதுவார்: ‘இயற்கை எழில் கொஞ்சும் மலைநாட்டின் உன்னதச் சுவை! தரத்தில் தலைசிறந்தது! இன்றே வாங்குங்கள்!’ இதில் வாங்குகிறவருக்குப் பயன்படும் சொல் ஒன்றுகூட இல்லை. தரகர்களின் அறிக்கையைப் படித்துப் பழகியவர் அதே சரக்கைப் பற்றி எப்படி எழுதுவார் என்பதற்கு ஒரு மாதிரி:

‘இந்தக் கிழமைத் தூள் சாயம் கொஞ்சம் வெளிர். இரவுக் குளிர் கூடியதால் கொழுந்து மெதுவாக வருகிறது; வாசம் ஏறியிருக்கிறது. பால் விட்டுக் குடிப்பவர்களுக்கு இது மெலிதாகப் படும். அவர்கள் போன மாதப் பொதியையே கேட்டு வாங்குங்கள், இன்னும் இருக்கிறது. பிளேன்டீ குடிப்பவர்களுக்கு இதுதான் சரி. மூன்று நிமிடம் ஊறினால் போதும், கூட விட்டால் கசப்பு ஏறும்.’

எல்லோருக்கும் எல்லாச் சரக்கையும் தள்ளிவிடப் பார்க்காத வியாபாரி இவர் என்பது இதிலேயே தெரிந்துவிடும். ஒருவரை ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பும் வரி, அடுத்தவரை வாங்க வைக்கும். ஆனால் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். வேறு பகுதித் தூளைக் கலந்துவிட்டு நுவரெலியா என்று எழுதுவது, குடித்துப் பழகியவரிடம் ஒரே கோப்பையில் அகப்பட்டுவிடும். ஏற்றுமதி செய்ய நினைப்பவர் இலங்கைத் தேயிலைச் சபையில் பதிவு செய்தாக வேண்டும். சபையின் சிங்க இலச்சினையும் முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்த சரக்குக்குத்தான் கிடைக்கும். ஆசைக்கு எடுத்துப் பொதியில் ஒட்டிக்கொள்ள முடியாது.

எழுத்துக்கு ஒரு பஞ்சாங்கம் வேண்டும். மலையகத்தில் அது தானாகவே அமைந்திருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புளை, டிக்கோயா, நுவரெலியாப் பக்கம் வறண்ட குளிர். மேற்குச் சரிவின் நல்ல தேயிலை வருவது அப்போதுதான். நுவரெலியாவில் சில அதிகாலைகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும், அதுவும் செய்திதான். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் பௌர்ணமி வரை நடக்கும். ஹற்றன் ரயில் நிலையத்தில் இறங்கி மஸ்கெலியா, நல்லதண்ணி என்று போகிற கூட்டம் தங்க இடமும் சூடான சாப்பாடும் தேடும். அந்தப் பருவத்துக்கான பக்கத்தை டிசம்பரில் எழுதினால் காலம் கடந்துவிடும். பயணத்தைத் திட்டமிடுகிறவர் ஒக்டோபரிலேயே தேடத் தொடங்கிவிடுவார். ஏப்ரலில் நுவரெலியாவில் மலர்க்காட்சி, குதிரைப் பந்தயம், வாகன நெரிசல். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை. மழைக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குவதால், ஹற்றன் நனைந்து கிடக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலை பெயர் எடுக்கும் காலம்.

விடுதிக்காரர்கள் எழுதுவதை நிறுத்துவது பெரும்பாலும் இந்த மழை மாதங்களில்தான். ஆள் வராத காலத்தில் யாருக்கு எழுதுவது என்று கேட்பார்கள். மழையில் மலை எப்படி இருக்கும், டெவன், சென் கிளேயர் அருவிகளில் தண்ணீர் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு குறைவு என்பதை அறிய விரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எழுத வேண்டிய மாதங்களே இவை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவில் பெரும் உயிரிழப்பு. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. இப்படியான நேரத்தில் தூரத்தில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: பாதை திறந்திருக்கிறதா, வரலாமா? ஏற்கெனவே கிழமைதோறும் எழுதிவருபவருக்குச் சொல்ல ஓர் இடமும், கேட்க ஆட்களும் இருப்பார்கள். எந்த வீதி மூடியிருக்கிறது என்று திகதி போட்டு எழுதி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நீங்கும் வரை ‘இப்போது வரவேண்டாம்’ என்றும் அவர் எழுதத்தான் வேண்டும். அறை காலியாகக் கிடந்தாலும் சரி.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் இல்லாத தேயிலைப் பொதி உலகத்தில் இருக்காது போலும். அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் எடுத்தார்களா என்று பொதி சொல்வதில்லை. லயத்தில் பிறந்து தொழில் தொடங்கும் பிள்ளைகளே அதைத் திரும்பச் செய்தால் பார்க்க நன்றாக இராது. படம் எடுக்கும் முன் கேட்பது, எதற்குப் போடப்போகிறோம் என்று சொல்வது, பெயர் போடலாமா என்று தனியாகக் கேட்பது, போட்ட பிறகு காட்டுவது: இவ்வளவும் செய்யலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் கூலியைப் பற்றியும் கேட்பார். குறைந்தபட்ச நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் ஆனதற்குப் பின்னால் எவ்வளவு இழுபறி நடந்தது என்பது மலையகத்தில் குழந்தைக்கும் தெரியும். அதை மழுப்பி எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஊவாவில் எல்லவுக்கு அருகே உள்ள அம்பா தோட்டம், வருமானத்தில் பத்து வீதத்தை வேலை செய்பவர்களோடு பகிர்வதை வெளிப்படையாகவே சொல்லி, கையால் உருட்டிய தேயிலையை நல்ல விலைக்கு விற்கிறது. தன்னிடம் வேலை செய்யும் இரண்டு பேருக்கு என்ன கொடுக்கிறார் என்று எழுதக்கூடிய சிறுதொழில்காரருக்கு அது பலம்தான்.

மொழி விஷயத்தில் சில்லறை போலத் தெரியும் ஒன்று வியாபாரத்தையே கெடுக்கும். ஹற்றன் என்று எழுதுபவர் உண்டு, ஹட்டன் என்பவர் உண்டு, அட்டன் என்பவரும் உண்டு. தேடுகிறவர் எந்த எழுத்தில் தேடுவார் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் எங்காவது எல்லா வடிவமும் ஒருமுறை வந்துவிட வேண்டும். தமிழில் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை நினைத்துப் பார்க்கலாம். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் கூடலூர், கோத்தகிரி என்று நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் தாத்தா பிறந்த தோட்டத்தைத் தேடுபவர்கள் உண்டு. அந்தத் தோட்டத்தின் பெயரும், கோயிலும், பழைய பெரட்டுக்களம் இருந்த இடமும் தமிழில் எழுதிய ஒரு பக்கத்தில் இருந்தால், அவர்கள் வந்து தங்குவதற்கு வேறு விளம்பரம் தேவைப்படாது.

இனி நடைமுறை. எழுதும் நாளை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்வது முக்கியம். வியாழன் மாலை என்றால் ஒவ்வொரு வியாழன் மாலையும். 300 சொல், ஒரு படம், ஒரு விலை போதும். கிழமைக்கு மூன்று என்று ஆரம்பித்து ஒரு மாதத்தில் ஓய்ந்துபோவதைவிட இரண்டு கிழமைக்கு ஒன்று என்று இரண்டு ஆண்டு ஓடுவது மேல். புதிதாக அழைக்கும் ஒவ்வொருவரிடமும் ‘எங்களைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டு அதே கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவைத்தால், எந்தப் பக்கம் ஆள் கொண்டுவருகிறது என்று அரை ஆண்டில் தெரியும். ஆள் கொண்டுவருகிற பக்கத்தின் விலையையும் பஸ் நேரத்தையும் வருடத்துக்கு இரண்டு முறையாவது திருத்த வேண்டும். பழைய பஸ் நேரத்தை நம்பி வந்து ஹற்றன் பஸ் நிலையத்தில் இருட்டில் நிற்கும் விருந்தாளி திரும்ப வரமாட்டார்.

வாடிக்கையாளர் எண்களைச் சேர்க்கும்போது ‘கிழமைக்கு ஒரு செய்தி அனுப்பலாமா?’ என்று கேட்டு, சம்மதித்தவரை மட்டும் சேர்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படியான தரவுகளைப் பாதுகாக்கவே வந்தது. எழுதியதை முகநூலில் மட்டும் போட்டுவைப்பதும் ஆபத்து. கணக்கு முடங்கினால் இரண்டு ஆண்டு உழைப்பும் போய்விடும். சொந்தப் பெயரில் ஒரு தளம் எடுத்துக்கொள்ளலாம், ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் கிடைக்கிறது. அதற்கும் வசதி இல்லாதவர் ஒவ்வொரு பக்கத்தின் பிரதியையும் எண்களின் பட்டியலையும் தொலைபேசிக்கு வெளியே ஓரிடத்திலும், அந்தப் பட்டியலை மட்டும் கையால் எழுதி அலுமாரியிலும் வைத்திருக்க வேண்டும்.